ஒன்றாம் கொக்கி

காலை 9.52. பயிற்சிக் கோபுரத்தின் இரண்டாம் மாடி ஜன்னலுக்குச் சற்றுக் கீழே மாப்பிள்ளை வந்தபோது, தலைக்கு மேல் கயிறு அறுந்தது.

பெரிய சத்தம் இல்லை. ஈரத் துணியை உதறினால் கேட்கும் சத்தம்தான். அவன் மல்லாந்து விழுந்தான். முதல் மாடி ஜன்னல் விளிம்பில் இடுப்பு மோதியது. தரைக்கு இரண்டு மீட்டர் மேலே அவன் விழுவது நின்றது. கீழே காவல் கயிற்றைப் பிடித்திருந்த நிலையத் தலைவரின் வலது உள்ளங்கையில் தோல் இல்லை.

இறங்குகிறவனுக்கு இரண்டு கயிறு. ஒன்று அவன் தொற்றி இறங்கும் கயிறு. இன்னொன்று அவன் இடுப்பு வாரிலிருந்து மேலே போய், கோபுர உச்சியில் உருளையைச் சுற்றி, கீழே நிற்கும் துணை ஆளின் கைக்கு வரும் காவல் கயிறு. தரையில் ஓர் இரும்புத் தூண். துணை ஆள் காவல் கயிற்றை அந்தத் தூணில் ஒரு சுற்றுச் சுற்றிப் பிடித்திருப்பார். தீயணைப்பு நிலையத்தில் புதன்தோறும் இதுதான் பயிற்சி. தலைவருக்குத் துணை அவருடைய உதவியாளன். உதவியாளனுக்குத் துணை தலைவர்.

அந்த உதவியாளனைத்தான் எல்லோரும் ஒரு மாதமாக மாப்பிள்ளை என்று கூப்பிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை கல்யாணம்.

ஆம்புலன்ஸ் வந்தது. அவனுக்கு நினைவு இல்லை. மூச்சு இருந்தது. தூக்கி ஏற்றினார்கள்.

மணப்பெண் கிடங்கு வாசலில் நின்றாள். வயது இருபத்தெட்டுதான், சாவிக்கொத்து இடுப்பில் இருப்பதால் நிலையத்துக்கே ஸ்டோரம்மா. அவள் கண் ஸ்ட்ரெச்சரின் மேல் இல்லை. தலைவரின் முகத்தில் இருந்தது. அதை நிலையத்துத் தீயணைப்பு வண்டி டிரைவர் பார்த்தார். டிரைவர் பார்த்ததைத் தலைவரும் பார்த்தார்.

11.40. தலைமையகத்திலிருந்து விசாரணை அதிகாரி வந்து சேர்ந்தார். ஐம்பது வயதுப் பெண்மணி. கனத்த உடம்பு, காதில் செருகிய பென்சில். முன்பு பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தவர் என்பதால் எல்லா நிலையத்திலும் அவருக்கு டீச்சர் என்றே பெயர்.

வந்தவர் நேரே கோபுரத்துக்குப் போனார். அறுந்த கயிற்றின் முனையில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, சோதனைத் தாளை ஒற்றி எடுத்தார். தாள் சிவந்தது.

"ஆசிட். பேட்டரிக்கு ஊத்தறது" என்றார். "இது விபத்து இல்ல. கையைக் காட்டுங்க."

தலைவர் கட்டுப் போட்ட கையை நீட்டினார்.

"வலது கை மட்டும்தானா?"

"இடது கையில கிளவுஸ் இருந்துச்சு மேடம்."

"வலது கையில?"

"ஸ்டாப்வாட்ச். நேரம் பாக்கறது என் வேலை."

"எப்பவுமே?"

"எப்பவுமே."

"காவல் கயித்த அளந்து பாத்தேன். நாலு மீட்டர் சுத்தமா ஓடியிருக்கு. அதுக்கப்புறம் ஒரு மீட்டர் உங்க தோல். நாலு மீட்டர் விழறதுக்கு ஒரு நொடி ஆகும்."

"வாட்ச்ச கீழ போட்டுட்டுப் பிடிச்சேன்."

"ம்."

அந்த ஒற்றை எழுத்தில் நம்பிக்கையும் இல்லை, சந்தேகமும் இல்லை. பென்சில் எழுதியது.

தலைவருக்கு நாற்பத்தொரு வயது. கல்யாணம் ஆகவில்லை. வேலையையே கட்டிக்கொண்டவர் என்று கேலி செய்வார்கள். ஆறு மாதம் முன்பு மாப்பிள்ளைக்குப் பெண் கேட்டுப் போனதே அவர்தான். அவனுக்கு அப்பா இல்லை. பெண்ணின் அம்மா முன்னால் உட்கார்ந்து, "பையனுக்கு நான் பொறுப்பு" என்று வாய்விட்டுச் சொன்னார். பெண் உள்ளே இருந்தாள். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. இரண்டு மாதம் கழித்து அதே பெண் மாற்றலாகி அவர் நிலையத்துக் கிடங்குக்கு வந்தாள்.

அதற்குப் பிறகு நடந்தது ஒன்றுமில்லை. ஒன்றும் நடக்காததுதான் கஷ்டம். கையெழுத்துக்கு நோட்டை நீட்டிவிட்டு அவள் கொஞ்சம் கூடுதலாக நிற்பாள். அவர் கொஞ்சம் தாமதமாகக் கையெழுத்துப் போடுவார். விரல்கூடப் பட்டதில்லை. ஆனால் அவள் லீவில் இருக்கும் நாளில் நிலையம் முழுக்க யாரோ விளக்கை அணைத்த மாதிரி இருக்கும்.

12.15. கிடங்கு. தலைவரும் உடன் இருந்தார்.

சுவரில் ஆறு இரும்புக் கொக்கிகள். ஒன்றாம் கொக்கி தலைவருடையது. இரண்டாம் கொக்கி மாப்பிள்ளையுடையது. மற்ற நான்கும் மற்றவர்களுக்கு. கயிறுகள் எல்லாம் ஒரே நிறம், ஒரே நீளம். எண் கொக்கிக்குத்தான், கயிற்றுக்கு இல்லை.

"இன்னிக்கு அறுந்தது எந்தக் கொக்கிக் கயிறு?" டீச்சர் கேட்டார்.

"ரெண்டாவது" என்றாள் ஸ்டோரம்மா. "ஆனா இன்னிக்குக் காலைலதான் கொக்கி மாத்தினேன்."

"மாத்தறதுன்னா?"

"பதினஞ்சு நாளைக்கு ஒரு தடவை எல்லாக் கயித்தையும் ஒரு கொக்கி தள்ளி மாட்டுவோம். ஒரே ஆளு ஒரே கயித்தத் தேய்க்கக் கூடாதில்ல? ஒண்ணாவது ரெண்டுக்குப் போகும். ரெண்டாவது மூணுக்கு. கடைசி ஒண்ணுக்கு வரும்."

"அப்ப அறுந்த கயிறு நேத்து வரைக்கும் எங்க இருந்துச்சு?"

அவள் சுவரின் முதல் கொக்கியைப் பார்த்தாள்.

"ஒண்ணாம் கொக்கில."

டீச்சர் ஒன்றாம் கொக்கிக்குக் கீழே தரையைப் பார்த்தார். சாம்பல் நிற சிமெண்ட் தரையில் மிளகளவு நான்கு வெள்ளைப் புள்ளிகள். குனிந்து விரலால் தொட்டார். விரலில் வெள்ளைத் தூள் ஒட்டியது. இரண்டாம் கொக்கிக்குக் கீழே போய்ப் பார்த்தார். தரை சுத்தமாக இருந்தது.

"தரை எப்பத் துடைச்சது?"

"நேத்து சாயங்காலம் அஞ்சு மணிக்கு. நான்தான் நின்னு துடைக்கச் சொன்னேன். இன்னிக்கு இன்னும் துடைக்கல."

"கொக்கி மாத்தினது?"

"காலைல ஏழு மணி."

"அதுக்குப் பதினஞ்சு நாள் இன்னிக்குத்தான் முடியுதா?"

"இல்ல. வெள்ளிக்கிழமைதான். நாளைலேர்ந்து நான் கல்யாண லீவு. அதனால முன்கூட்டியே..."

"முன்கூட்டியே மாத்தப் போறீங்கன்னு யாருக்குத் தெரியும்?"

"ஏழரை மணி ரோல்கால்ல எல்லாருக்கும் சொன்னேன். வாசல் பலகைலயும் எழுதிப் போட்டேன்."

"அதுக்கு முன்னால?"

ஸ்டோரம்மா தலைவரைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருக்க அவள் படும் பாடு பார்த்தால் தெரிந்தது.

"தலைவருக்கு. நேத்து சாயங்காலம் அவர்கிட்ட அனுமதி கேட்டேன்."

"உங்க ரெண்டு பேருக்கு மட்டும்."

"ஆமா."

"மாத்தினப்புறம் கயித்தச் சோதிப்பீங்களா?"

"வெறுங்கையில முழுக் கயித்தையும் முனையிலேர்ந்து முனை வரைக்கும் ஓட்டிப் பாப்பேன். சரியா இருந்தா பழைய வெள்ளை நாடாவ அறுத்துட்டுப் புதுசு கட்டுவேன். நாடா கட்டினப்புறம் யாரும் தொட்டுப் பாக்க மாட்டாங்க."

"ஏன்?"

"தொட்டா என்மேல நம்பிக்கை இல்லைன்னு அர்த்தம் மேடம். இங்க அப்படித்தான்."

"இந்தக் கயித்த ஓட்டிப் பாத்தீங்களா?"

"பாத்தேன்."

தலைவர் சட்டென்று அவளைப் பார்த்தார். அவள் சொன்னது பொய். அவர் அங்கேயே நின்றிருந்தார். காலை 7.10 முதல் 7.21 வரை, இதே கிடங்கில், இதே ஜன்னல் பக்கம். ஆறாம் கொக்கியிலிருந்து தொடங்கி நான்கு கயிறுகளை ஓட்டி முடித்திருந்தாள். அவர் உள்ளே வந்தார். மிச்சம் இரண்டு. பேசிக்கொண்டே அந்த இரண்டுக்கும் நாடாவைக் கட்டினாள். கை நாடாவில் இருந்தது, கண் அவர்மேல் இருந்தது. அவர் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

12.50. தலைவரின் அறை. டீச்சர் அவரை வெளியே அனுப்பவில்லை. "அங்க ஓரமா உக்காருங்க. உங்கள வெச்சுக்கிட்டு அவங்க எப்படிப் பேசறாங்கன்னு பாக்கணும்" என்றார்.

டிரைவர் வந்தார். ஓய்வுக்கு ஒரு வருடம் இருக்கிற மனிதர். வாய் சும்மா இருக்காது.

"பேட்டரி ரூம் சாவி யார்கிட்ட இருக்கு?"

"சாவியா? அந்தக் கதவுக்குத் தாழ்ப்பாளே கிடையாது மேடம். பூனை குட்டி போட்டு வளத்துட்டுப் போச்சு அங்க."

"ஆசிட் யாரு வேணா எடுக்கலாம்."

"பூனையத் தவிர யாரு வேணா எடுக்கலாம்."

"கிடங்கு?"

"நேத்து ஏழு மணி வரைக்கும் தொறந்துதான் இருந்துச்சு. ஷிப்ட் மாறுற நேரம். நானே ரெண்டு தடவை போனேன்."

"கோபுரத்துல கயித்தக் கட்டினது நீங்களா?"

"ஆமா. ஒன்பதரைக்கு எடுத்துட்டுப் போய் உச்சியில மாட்டினேன். கொக்கி வரிசைப்படி. ஸ்டோரம்மா நாடா இருந்துச்சு, அது போதும்."

"மாப்பிள்ளை அப்ப எங்க?"

"அவரு காலைல ஆறரைக்கே தெருக் குழாய் சோதனைக்குப் போயிட்டாரு. ஒன்பது நாப்பதுக்கு வந்தவரு நேரா கோபுரத்துக்குத்தான் ஓடி வந்தாரு. தலைவர் முதல்ல இறங்கினாரு. மாப்பிள்ளை கீழ காவல் கயித்தப் பிடிச்சாரு." டிரைவர் சிரித்தார். "நான்கூட கிண்டல் பண்ணேன். தூண்ல மூணு சுத்து சுத்தியிருந்தாரு. தலைவர் என்ன யானையா, இப்படிக் கட்டிவெச்சிருக்கீங்கன்னேன். கயிறு இறங்கவே இல்ல. தலைவர் மேலேர்ந்து கத்தறாரு, விடுய்யா, விடுய்யான்னு."

"வழக்கமா?"

"ஒரு சுத்துதான். கல்யாணம் நெருங்கினா கை நடுங்குமில்ல, அதான்னு விட்டுட்டேன்."

"தலைவர் இறங்கி வந்தப்ப?"

"அவரு நல்லாத்தான் வந்தாரு. மாப்பிள்ளைதான் பேயறைஞ்ச மாதிரி நின்னுக்கிட்டிருந்தாரு. என்னய்யான்னேன். ஒண்ணுமில்லண்ணேன்னுட்டு மேல ஏறிட்டாரு."

"அவங்க ரெண்டு பேருக்குள்ள எப்படி?"

டிரைவர் முதல் தடவையாக நிதானித்தார். ஓரத்தில் உட்கார்ந்திருந்த தலைவரைப் பார்த்தார். பிறகு தன் செருப்பைப் பார்த்தார்.

"தலைவர் சொக்கத் தங்கம் மேடம். அதுல ஒரு குறையும் கிடையாது." தலையைச் சொறிந்தார். "ஸ்டோரம்மா கல்யாணத்த ரெண்டு மாசம் தள்ளி வைக்கலாம்னு கேட்டுச்சாம். மாப்பிள்ளை வீட்டுல ஒத்துக்கலையாம். போன வாரத்துலேர்ந்து அவரு முகத்துல சிரிப்பே இல்ல. அவ்வளவுதான் எனக்குத் தெரியும். அதுக்கு மேல தெரிஞ்சாலும் தெரியாது."

டீச்சரின் பென்சில் நின்றது. "நல்ல பதில். போங்க."

1.20. டீச்சர் தொலைபேசியில் மருத்துவமனையோடு பேசிக்கொண்டிருந்தார். தலைவர் நடைபாதைக்கு வந்தார். தண்ணீர்க் குழாயடியில் ஸ்டோரம்மா நின்றாள். குழாய் திறந்திருந்தது. அவள் கை அதன் கீழே சும்மா நனைந்துகொண்டிருந்தது.

காலையில் அவர் அவளிடம் சொல்லப் போனது இரண்டே வரி. மாற்றல் கேட்டு எழுதிக் கொடுத்துவிட்டேன். கல்யாணத்துக்கு முன்னால் போய்விடுவேன். அந்த இரண்டு வரியைச் சொல்லப் பதினொரு நிமிடம் ஆனது.

இப்போது அவர் மனம் வேறு ஒன்றை எண்ணிக்கொண்டிருந்தது. முன்கூட்டியே மாற்ற அனுமதி கேட்டது அவள். ஒன்றாம் கொக்கிக் கயிறு இரண்டுக்குப் போகும் என்று அவளுக்குத் தெரியும். கல்யாணத்தைத் தள்ளக் கேட்டவள் அவள். அந்தக் கயிற்றைக் கையில் ஓட்டாமல் விட்டவளும் அவள்.

அவர் அருகில் போய் நின்றார். குரலைத் தாழ்த்தினார்.

"நீயா?"

நான்கு மாதத்தில் அவளை அவர் நீ என்றது அதுதான் முதல் தடவை. அவள் குழாயை மூடினாள். திரும்பினாள். கண் கலங்கவில்லை. வறண்டிருந்தது.

"நானும் அதைத்தான் கேக்கலாம்னு நின்னுக்கிட்டிருந்தேன்" என்றாள். "நீங்களா?"

"பைத்தியமா உனக்கு?"

"உங்களுக்கு?"

இரண்டு பேருக்கும் ஒரே சமயத்தில் மூச்சு வந்தது. வந்த மூச்சு பாதியில் நின்றது. இவள் இல்லை, இவர் இல்லை என்று இவர்களுக்குத் தெரிந்து என்ன? டீச்சருக்குத் தெரிய வேண்டுமே.

"கயித்த ஓட்டிப் பாத்தேன்னு ஏன் பொய் சொன்ன?"

"ஓட்டலன்னு சொன்னா, ஏன் ஓட்டலன்னு கேப்பாங்க. என்ன சொல்றது? அம்மா காதுக்குப் போகும். அவர் வீட்டுக்குப் போகும். உங்க வேலை போகும்."

"உன் வேலையும் போகும்."

"என்னை விடுங்க."

அறைக் கதவு திறந்தது. "ரெண்டு பேரும் உள்ள வாங்க" என்றார் டீச்சர்.

2.05. தலைவர் உட்காரவில்லை.

"எழுதிக்கங்க மேடம். கொக்கி மாத்த உத்தரவு போட்டது நான். நிலையத்துல எது நடந்தாலும் பொறுப்பு நான். இவங்கள விட்டுடுங்க."

"பொறுப்ப நான் கேக்கல" என்றார் டீச்சர். "ஆசிட் ஊத்தின கைய கேக்கறேன். உக்காருங்க."

உட்கார்ந்தார்.

"நேத்து அஞ்சு மணிக்குத் தரை துடைச்சாச்சு. கொக்கிக்குக் கீழ ஆசிட் சொட்டு. விரல் வெச்சா தூள் வருது. துடைச்சதுக்கு அப்புறம் விழுந்த சொட்டு அது. ஒண்ணாம் கொக்கிக்குக் கீழ மட்டும். அதாவது கயிறு தலைவர் கொக்கில தொங்கறப்பவே ஊத்தியாச்சு. கிடங்கு ஏழு மணி வரைக்கும் தொறந்திருந்துச்சு. நேத்து சாயங்காலம் அஞ்சுக்கும் ஏழுக்கும் நடுவுல."

டீச்சர் இரண்டு விரலை நீட்டினார்.

"இதுக்கு ரெண்டு அர்த்தம் இருக்கு. மாப்பிள்ளைய விழ வைக்க நினைச்சவங்கன்னா, மறுநாள் கயிறு மாறும்னு தெரிஞ்சவங்க. அது நீங்க ரெண்டு பேர். உங்க ரெண்டு பேருக்குள்ள என்னங்கறது வாசல்ல நிக்கற டிரைவருக்கே தெரியுது. அதனால காலைலேர்ந்து உங்களத்தான் பாத்துக்கிட்டிருந்தேன்."

ஸ்டோரம்மாவின் விரல்கள் சாவிக்கொத்தை இறுக்கின.

"ரெண்டாவது அர்த்தம். ஊத்தினவனுக்கு மாறும்னு தெரியாது. தலைவரத்தான் விழ வைக்க நினைச்சான். இன்னிக்கு ரோல்கால்ல இருந்த எல்லாருக்கும் ஏழரைக்கே விஷயம் தெரிஞ்சுபோச்சு. அவங்கள்ல ஒருத்தன் ஊத்தியிருந்தா, கயிறு வேற ஆளுக்குப் போகுதுன்னு தெரிஞ்சு தடுத்திருப்பான். தெரியாதவன் ஒருத்தன்தான். ஆறரைக்கு வெளிய போனவன். பலகையப் பாக்காம நேரா கோபுரத்துக்கு வந்தவன்."

"இல்ல" என்றார் தலைவர். "அவன் அப்படிப்பட்ட ஆளு இல்ல."

"நானும் உடனே நம்பல. தெரியாதுங்கறது ஒரு குத்தமா? அதனால இன்னொரு விஷயம் வேணும். அத டிரைவர் சிரிச்சுக்கிட்டே கொண்டுவந்து மேஜைல வெச்சாரு." டீச்சர் பென்சிலை நிமிர்த்திப் பிடித்து, அதில் ஒரு நூலை மெதுவாகச் சுற்றினார். ஒன்று. இரண்டு. மூன்று. "இத்தனை வருஷத்துல யாராவது பயிற்சியில தூண்ல மூணு சுத்து போட்டு நீங்க பாத்திருக்கீங்களா?"

தலைவர் தலையை அசைத்தார். இல்லை.

"ஏன் போட மாட்டாங்க?"

"கயிறு ஓடாது. இறங்கறவன் நடுவுல தொங்கிக்கிட்டு நிப்பான்."

"ஆனா விழறவன் அங்கேயே நிப்பான். கை பிடிக்கவே வேணாம், தூணே பிடிச்சுக்கும். மேல இருக்கறவர் விழப்போறார்னு முன்னாடியே தெரிஞ்ச ஆளுதான் மூணு சுத்து போடுவான். நீங்க முழுசா இறங்கி வந்ததும் அவன் ஏன் பேயறைஞ்ச மாதிரி நின்னான்? ஆசிட் வேலை செய்யலன்னு நினைச்சான். அந்தக் குழப்பத்துலயே மேல ஏறினான். தான் தொத்தினது எந்தக் கயிறுன்னு அவனுக்குத் தெரியாது."

தலைவர் தன் கட்டுப் போட்ட கையைப் பார்த்தார்.

"என்னைக் கொல்லவா?" தலைவரின் குரல் அவருக்கே அந்நியமாக இருந்தது.

"கொல்லணும்னா உச்சிக்குப் பக்கத்துல ஊத்தியிருப்பான். கால் எடுத்து வெச்சதும் அறுந்திருக்கும், பதிமூணு மீட்டர். இவன் கீழ தள்ளி ஊத்தியிருக்கான். ஆள் அந்த இடத்தத் தாண்டி இறங்கினாத்தான் அறும். அதோட மூணு சுத்து. உங்க உயிர் அவனுக்கு வேணாம். வேற என்ன வேணும்னு அவனத்தான் கேக்கணும். நினைவு வந்துடுச்சாம், இப்பத்தான் சொன்னாங்க."

தலைவர் எழுந்தார். டீச்சர் எழவில்லை.

"இன்னும் முடியல." மேஜை இழுப்பறையிலிருந்து அறுந்த கயிற்றின் ஒரு துண்டை எடுத்தார். "இடது கைல பிடிங்க. கண்ண மூடிக்கிட்டு ஓட்டுங்க."

ஓட்டினார். மிருதுவாக வந்த கயிறு ஓரிடத்தில் விறைத்தது. காய்ந்த துடைப்பத்தைத் தொட்ட மாதிரி சொரசொரத்தது.

"கண்ணுக்குத் தெரியாது. ஆனா தொட்டா யாருக்கும் தெரியும்" என்றார் டீச்சர். ஸ்டோரம்மாவைப் பார்த்தார். "ஓட்டிப் பாத்தேன்னு சொன்னீங்க."

அவள் வாயைத் திறந்தாள். தலைவர் முந்திக்கொண்டார்.

"ஓட்டல. நான் போய் நின்னேன். பதினொரு நிமிஷம் பேசினேன். ஓட்டாம நாடா கட்டறத என் கண்ணால பாத்தேன். நிறுத்துன்னு சொல்லியிருக்கணும். சொல்லல."

"என்ன பேசினீங்க?"

"மாற்றல் வாங்கிட்டுப் போறேன்னு சொன்னேன்."

"அதுக்குப் பதினொரு நிமிஷமா?"

"அவ போகாதீங்கன்னு சொன்னா." தலைவர் தரையைப் பார்த்துச் சொன்னார். "நான் போறேன்னு திரும்பத் திரும்பச் சொன்னேன். ஆனா நின்ன இடத்த விட்டு நகரல."

ஸ்டோரம்மா இடுப்பிலிருந்து சாவிக்கொத்தைக் கழற்றினாள். மேஜைமேல் வைத்தாள். சத்தம் வராமல் வைத்தாள்.

"ஆசிட் அவர் ஊத்தினாரு" என்றாள். "ஆனா என் கை அந்தக் கயித்துல ஒரு தடவை போயிருந்தா அவர் இப்ப வீட்டுல இருந்திருப்பாரு. அதையும் எழுதுங்க மேடம்."

"எழுதத்தான் போறேன்" என்றார் டீச்சர். "ரெண்டு பேர் வேலையும் என்னாகும்னு எனக்குத் தெரியாது. ஆனா எழுதுவேன்."

4.10. மருத்துவமனை, எலும்பு வார்டு. டீச்சர் கட்டிலின் ஒரு பக்கம். தலைவர் மறுபக்கம். ஸ்டோரம்மா வாசலுக்கு வெளியே, பெஞ்சில். உள்ளே வரவில்லை.

மாப்பிள்ளையின் இடுப்பிலிருந்து முழங்கால் வரை கட்டு. முகம் மெழுகாக இருந்தது. டீச்சர் கேட்க வேண்டிய அவசியம் வரவில்லை. தரையில் கண்ட புள்ளிகளையும் மூன்று சுற்றையும் சொன்னதும் அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

"மாத்திட்டாளா?" என்றான். "வெள்ளிக்கிழமைன்னு இல்ல நினைச்சேன்."

"எதுக்குய்யா?" என்றார் தலைவர்.

"ரெண்டு மாசம் தள்ளி வைக்கலாம்னு சொன்னா. ஏன்னு கேட்டேன், பதில் இல்ல. ஒரு வாரம் உங்க ரெண்டு பேரையும் கவனிச்சேன். ஒண்ணும் பிடிபடல, அண்ணே. ஒரு தப்பும் இல்ல. தப்பு இருந்திருந்தா சண்டை போட்டிருப்பேன்." உதட்டை ஈரப்படுத்திக்கொண்டான். "நீங்க நோட்டுல கையெழுத்துப் போடறப்ப அவ உங்களப் பாப்பா. அந்த மாதிரி என்னை ஒரு தடவைகூடப் பாத்ததில்ல."

தலைவர் ஜன்னல் பக்கம் திரும்பினார்.

"எல்லார் முன்னாடியும் நீங்க தொங்கணும். அவ்வளவுதான். தன் கயித்தயே கவனிக்காத தலைவர்னு நாலு பேர் சிரிக்கணும். அவ அதப் பாக்கணும். அடிகூடப் படக் கூடாதுன்னுதான் மூணு சுத்து போட்டேன்."

"கையெழுத்துப் போடுவீங்களா?" என்றார் டீச்சர். தாளை நீட்டினார். அவன் போட்டான். டீச்சர் தாளை மடித்தார். ஒரு முறை இருவரையும் பார்த்தார். கதவைத் திறந்துகொண்டு வெளியே போனார்.

கதவு மூட நேரம் எடுத்தது. அந்த இடைவெளியில் பெஞ்சின் ஒரு முனையும், மடியில் கோத்த இரண்டு கைகளும் தெரிந்தன. பிறகு கதவு மூடிக்கொண்டது.

"உன்கூட நான் இருக்கேன்" என்றார் தலைவர். "கேஸு, ஆஸ்பத்திரி, எதுவா இருந்தாலும். உங்க அம்மாகிட்ட நானே போய்ப் பேசறேன். பொறுப்புன்னு சொன்னவன் நான்."

"சொன்னீங்க."

"இப்பவும் சொல்றேன்."

மாப்பிள்ளை தலையை மெதுவாகத் திருப்பினான். அவன் பார்வை தலைவரின் கட்டுப் போட்ட கையில் இல்லை. நேரே கண்ணில் நின்றது.

"கயிறு அறுந்தப்ப நான் மல்லாந்துதான் விழுந்தேன், அண்ணே. தலை கீழ வந்துச்சு. உங்க முகம் நல்லாத் தெரிஞ்சுது." மூச்சு வாங்கினான். "பதறினீங்க, பிடிச்சீங்க, எல்லாம் அப்புறம்தான். அதுக்கு முன்னால ஒரு நொடி உங்க முகத்துல வேற ஒண்ணு வந்துச்சே, அது என்னது?"